தலைக்கு ஊற்றிய தண்ணீருக்கு ஒரு சொல்

எங்கள் அடுக்களை அலமாரியின் மேலடுக்கில் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு கவிழ்ந்து கிடக்கிறது. விளிம்பைச் சுற்றி மெல்லிய நீலக்கோடு. ஓரிடத்தில் சிறு சில்லு பெயர்ந்திருக்கும். அந்தத் தட்டு எங்களுக்குக் கொடுக்கப்பட்டதா, வேண்டாம் என்று எங்களிடமே விடப்பட்டதா? இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. அதில் யாருக்கும் எதுவும் பரிமாறுவதில்லை. தூக்கிப் போடவும் கை வருவதில்லை. வீடு ஒதுக்கும்போதெல்லாம் இறக்கித் துடைத்து, கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, மறுபடி கவிழ்த்து வைத்துவிடுகிறேன். "ஒரு தட்டுக்கா இம்புட்டு யோசனை?" என்று என் கணவர் கேட்கிறார். தட்டுக்காக அல்ல என்று அவருக்கும் தெரியும்.

தட்டு மாஸ்டரம்மாவுடையது. கோவில்பட்டியில் என் கணவர் வேலை பார்க்கும் நூல் மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்தவருடைய மனைவி அவர். மில் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் மாஸ்டரம்மாதான். பூர்வீகம் கோவா, வளர்ந்தது பம்பாய், கிறிஸ்தவர்கள். வீட்டுக்குள்ளேயே இங்கிலீஷ்தான். "புருசன் பொண்டாட்டி சண்டைகூட இங்கிலீசுலதான் நடக்கு. ஒரு பயலுக்கும் ஒண்ணும் வெளங்கல" என்று, அவர்கள் வந்த புதிதில் என் கணவர் சொல்லிச் சிரித்தார். எங்கள் வரிசை வீடுகளின் பின்வாசலுக்கு எதிரே, ஒரு துண்டுக் கரிசல் நிலம் தாண்டி, அவர்களுடைய வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒற்றையடிப் பாதை ஒன்று நாங்கள் நடந்து நடந்தே உண்டானது.

என் மகளை அப்போதுதான் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தோம். சேர்க்கும் அன்றே அங்கிருந்த டீச்சர், "வீட்டிலும் குழந்தையிடம் இங்கிலீஷிலேயே பேசுங்கள், இயல்பாகப் பேசுங்கள்" என்று சொல்லி அனுப்பினார். அந்த 'இயல்பாக' என்ற சொல் என்னைப் பிடித்து ஆட்டியது. நான் பி.யூ.சி. வரை படித்தவள். இங்கிலீஷில் நல்ல மார்க்கு. ஆனால் என் இங்கிலீஷ் பரீட்சைத் தாளுக்கு ஏற்ற இங்கிலீஷ். நாலு வயதுப் பிள்ளையிடம் கதவைச் சாத்தச் சொல்லவேண்டும் என்றால், 'ஷட்' என்பதா 'க்ளோஸ்' என்பதா என்று யோசிப்பதற்குள் அவள் வெளியே ஓடிவிடுவாள். 'சீ', 'லுக்', 'வாட்ச்' மூன்றுக்கும் என் அப்பா வாங்கித் தந்த அகராதி 'பார்' என்றே சொன்னது. ஆட்டுக்குட்டியை எதனால் பார்ப்பது, ரயிலை எதனால் பார்ப்பது என்று அதில் இல்லை. தப்பான சொல்லை நான் பிள்ளை வாயில் போட்டுவிட்டால் அது அங்கேயே தங்கிவிடுமே என்ற பயம் வேறு. பாதி நேரம் பேசாமலே இருந்துவிடுவேன். அதற்கும் என்னையே திட்டிக்கொள்வேன்.

அந்தச் சமயத்தில்தான் மாஸ்டரம்மா பழக்கமானார். காய்காரம்மா கூடையை இறக்கும்போது அவருக்கு மொழிபெயர்க்க ஆள் வேண்டும். சீனியவரைக்காய்க்கு இங்கிலீஷ் தெரியாமல் நான் விழிக்க, "ஏத்தா, அவிய திங்கத்தான போறாவ, பேரு எதுக்கு?" என்று காய்காரம்மா கேட்டது நினைவிருக்கிறது. நான் உதவி செய்யப் போனேன் என்றாலும், உள்ளூர எனக்கும் ஒரு காரியம் இருந்தது. அவர் வாயிலிருந்து எந்தச் சொல் எப்போது வருகிறது என்று கவனித்துக்கொண்டே இருப்பேன். கத்தரிக்காய் என்றால் 'ஸ்மால்' என்பார். என் மகள் என்றால் 'லிட்டில் கேர்ள்'. ஒருநாள் துணிந்து, ஏன் அப்படி என்று கேட்டுவிட்டேன். அவர் கத்தரிக்காயைக் கையில் பிடித்தபடி யோசித்தார். பிறகு சிரித்து, "ஐ டோன்ட் நோ, மேன். இட் கம்ஸ் லைக் தட் ஒன்லி" என்றார். ஆணோ பெண்ணோ, அவருக்கு எல்லோரும் 'மேன்'தான். எனக்கு எரிச்சல்தான் வந்தது. தெரிந்தவருக்குச் சொல்லத் தெரியவில்லை. சொல்லித் தர வேண்டிய அகராதிக்கோ எதுவுமே தெரியவில்லை. போதாததற்கு, வாக்கியத்தின் கடைசியில் 'ஒன்லி' போட்டதற்காக நான் படித்த பள்ளி டீச்சர் என் தோழியைப் பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்தியிருக்கிறார். அப்படியானால் எதுதான் இயல்பு?

அவரும் என்னை ஒருமுறை மடக்கினார். போகும்போது நான் ஏன் 'வாரேன்' என்கிறேன் என்று கேட்டார். நீ போகத்தானே செய்கிறாய் என்றார். 'போறேன்' என்று சொல்லக்கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு விளக்கம் வரவில்லை. அவர் கைதட்டிச் சிரித்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டைவிட்டுக் கிளம்பும்போதெல்லாம், ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு, "வாரேன்" என்று அழுத்திச் சொல்லிவிட்டுத்தான் போவார். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் அது என்று குடியிருப்பே சிரிக்கும்.

பம்பாயில் அவருக்கு அம்மா மட்டும் இருந்தார். வாரம் தவறாமல் கடிதம் வரும். என்னை உட்காரவைத்து அதில் சில வரிகளை வாசித்துக் காட்டுவார். என்னை ஒரு தடவைகூடப் பார்த்திராத அந்த அம்மாள், என் மகளைப் பற்றி ஒவ்வொரு கடிதத்திலும் விசாரிப்பார். ஒரு கார்த்திகை மாதம் பார்சலில் ஒரு ஸ்வெட்டர் வந்தது. ரோஸ் நிறம், கையால் பின்னியது, மார்பில் ஒரு வாத்து. எங்கள் ஊர் வெயிலுக்கு ஸ்வெட்டர்! "கம்பளி போட்டா புள்ள அவிஞ்சு போவும்" என்று என் மாமியார் சொன்னார்கள். அதைப் போட்டு ஸ்டுடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போய், பிள்ளை வேர்த்து வழிய ஒரு போட்டோ எடுத்துப் பம்பாய்க்கு அனுப்பினோம். அந்தப் போட்டோவைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருப்பதாகப் பதில் வந்தது.

அடுத்த வருடம் ஐப்பசி மழையில் தந்தி வந்தது. அந்த அம்மாள் இறந்துவிட்டார். இங்கிருந்து மெட்ராஸ் போய் ரயில் மாறிப் பம்பாய் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்பதால் இவர்கள் கிளம்பவில்லை. சாவு வீட்டுக்குப் போய்வருவதை எங்கள் பக்கம் துட்டி கேட்பது என்போம். ஆனால் பிணம் இல்லாத வீட்டில் என்ன துட்டி, அதுவும் எந்தப் பாஷையில் கேட்பது என்று குடியிருப்பில் எந்தப் பெண்ணும் போகவில்லை. நான் போகாமல் இருக்க முடியாது. அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

'சாரி' என்ற சொல் முதலில் வந்தது. பாலைக் கொட்டிவிட்டால் என் மகள் சொல்வது அது. பஸ்ஸில் காலை மிதித்தால் சொல்வது. ஒரு தாய் செத்ததற்கு அதையே சொல்வதா? 'சேட்' என்பது பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் அழுமூஞ்சிப் படத்துக்குக் கீழே இருந்தது. 'ரிக்ரெட்' என்பதை, என் கணவர் வேலை தேடிய காலத்தில் வந்த மறுப்புக் கடிதங்களிலேயே நிறையப் பார்த்தாயிற்று.

"மில்லுல எல்லாரும் மாஸ்டர்ட்ட 'கண்டோலன்சஸ்'னு சொல்லிக் கைகுடுத்தாவ. நீயும் அதையே சொல்லிட்டு வா" என்றார் என் கணவர்.

"அது நோட்டீஸ் போர்டுல எழுதுத வார்த்தை மாதிரி இருக்கு."

"அப்ப என்னதான் சொல்லப் போற? ஏடாகூடமா எதையும் சொல்லிறாத. விடிஞ்சா அவர் முகத்துலதான் நான் முழிக்கணும்."

வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்த என் மாமியார் பொறுக்கமாட்டாமல், "ஏட்டி, கையப் புடிச்சிக் கண்ணீர் விட்டுட்டு வருவியா... அழுகுததுக்கு எதுக்குட்டி இங்கிலீசு?" என்றார்கள்.

"அங்கன அழ மாட்டாவ அத்தை."

"அழாம எப்படித் துட்டி கேக்க? போற வழியில மழைக்கு ஒதுங்குன மாதிரி ஒக்காந்துட்டு வரவா?"

கடைசியில் கட்டுரைப் பாடத்திலிருந்து ஒரு வரி கிடைத்தது. 'ஐ ஷேர் யுவர் சாரோ.' பாதை முழுக்க அதையே சொல்லிக்கொண்டு போனேன். கரிசல் மண் செருப்பில் அப்பி, ஒவ்வொரு அடிக்கும் கால் கனத்தது.

மாஸ்டரம்மா தேய்த்த கவுன் போட்டிருந்தார். தலை வாரியிருந்தது. மேசைமேல் அந்த அம்மாளின் படமும் ஒரு மெழுகுவத்தியும். அழுவதற்குத் தயாராகப் போன எனக்கு, அந்த மடிப்புக் கலையாத கவுனைப் பார்த்ததும் கண்ணீர் அப்படியே நின்றுவிட்டது. மனப்பாடம் செய்ததைச் சொன்னேன். பிசகில்லாமல் வந்தது. அவர் என் கையைத் தொட்டு, "தேங்க்யூ, மேன்" என்றார்.

துட்டிக்கு யாராவது நன்றி சொல்வார்களா? அதைவிடக் கொடுமை, 'தேங்க்யூ' என்றால் உடனே 'வெல்கம்' என்று சொல்லும்படி என் மகளை நான்தான் பழக்கிவைத்திருந்தேன். அது என் தொண்டைவரை வந்துவிட்டது. சாவு வீட்டில் நின்றுகொண்டு வெல்கமா! வாயை இறுக மூடிக்கொண்டேன். அவர் உள்ளே போய்த் தேநீர் கொண்டுவந்தார். துட்டி வீட்டில் நாங்கள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. 'நோ, தேங்க்யூ' என்றுதான் சொல்லவேண்டும் என்று தெரியும். ஆனால் அந்த 'தேங்க்யூ' அங்கே என் வாயில் வரவில்லை. "நோ" என்று மட்டும் சொன்னேன். அது எவ்வளவு மொட்டையாக விழுந்தது என்று சொன்ன பிறகுதான் கேட்டது. அவர் தம் அம்மாவைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். எல்லாம் எனக்குப் புரிந்தது. திருப்பிச் சொல்லத்தான் ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்தேன். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக்கூடாது, திரும்பிப் பார்க்கவும் கூடாது. பிறந்ததிலிருந்து பழகியது, யோசிக்காமலே நடந்தது. பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவர் வாசல்வரை வந்து நின்றிருக்கவேண்டும். நான் 'வாரேன்' சொல்லவில்லை.

எங்கள் புறவாசலில் அத்தை ஒரு வாளி தண்ணீரோடு நின்றார்கள். "காலக் கழுவிட்டு உள்ள வா, போதும். நமக்கென்ன பங்காளியா, சொந்தமா?" என்றார்கள். எங்கள் வழக்கம் அப்படித்தான். பிணம் கிடக்காத ஊரார் வீட்டுத் துட்டி என்றால் கால் கழுவினால் போதும். சொந்தத்தில் சாவு என்றால், எவ்வளவு தூரத்தில் நடந்திருந்தாலும், சேதி காதில் விழுந்ததும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்வோம். நான் வாளியைப் பார்த்தபடி நின்றேன். ஸ்வெட்டரில் இருந்த அந்த வாத்து ஞாபகம் வந்தது. என் பிள்ளைக்காக முகம் தெரியாத ஒருத்தி உட்கார்ந்து பின்னியிருக்கிறாள். சொம்பை முக்கித் தலையில் ஊற்றினேன்.

"ஏட்டி, கோட்டி புடிச்சிருக்கா? நீ எதுக்கு இப்பத் தலைக்கு ஊத்துத?"

"இருக்கட்டும் அத்தை" என்றேன். அந்த வீட்டில் வராத அழுகை, தண்ணீரோடு தண்ணீராக அப்போதுதான் வந்தது. அத்தை உள்ளே போய் மாற்றுச் சேலை எடுத்துவந்தார்கள். அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

உடுத்திப் போன சேலையை வாளியில் முக்கிவிட்டு, மாற்றுச் சேலையைச் சுற்றிக்கொண்டு ஈரத்தலையோடு நான் நிற்கும்போது மாஸ்டரம்மா பாதையில் வந்தார். கையில் அந்தத் தட்டு, அதில் பிஸ்கட். நான் தேநீர் குடிக்கவில்லையே என்று பிள்ளைக்காவது கொண்டுவந்திருப்பார். என் தலையைப் பார்த்தார். வாளிக்குள் கிடந்த சேலையைப் பார்த்தார். சற்று முன் அவர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்த சேலை அது. அதே நேரம் பார்த்து என் மகள் காலைக் கட்டிக்கொள்ள ஓடி வர, "தொடாத!" என்று கையை நீட்டித் தடுத்து நான் கத்தினேன். ஈரம், பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்ற நினைப்பு. அவ்வளவுதான். மாஸ்டரம்மா தட்டைத் துவைக்கிற கல்லின்மேல் வைத்தார். "ஃபார் தி லிட்டில் கேர்ள்" என்றார். போய்விட்டார். அவரும் 'வாரேன்' சொல்லவில்லை.

அதன் பிறகு அவர் என்னிடம் ஒரு குறையும் வைக்கவில்லை. அதுதான் கஷ்டம். காலையில் பார்த்தால் சிரிப்பார், குட் மார்னிங் சொல்வார், பிள்ளையின் படிப்பை விசாரிப்பார். ஆனால் எங்கள் படி ஏறவில்லை. காய்காரம்மாவிடம் விரலைக் காட்டித் தானே வாங்கிக்கொண்டார். பாதையில் புல் முளைத்தது. இதே இடத்தில் எங்கள் ஊர்க்காரி ஒருத்தி இருந்திருந்தால், "ஏளா, எங்க வீட்டுக்கு வந்துட்டுப் போயா முழுகுத?" என்று வாசலில் நின்று கேட்டிருப்பாள். நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். சாயங்காலத்துக்குள் தீர்ந்திருக்கும். மாஸ்டரம்மாவோடு சண்டை போடக்கூட என்னிடம் இங்கிலீஷ் இல்லை.

விளக்கிவிடலாம் என்று மறுபடி அகராதிக்குப் போனேன். 'வாஷ்' என்றால் பாத்திரம் ஞாபகம் வருகிறது. 'க்ளீன்' என்றால் தரை. 'பாத்' என்றால் சோப்பு விளம்பரம். எந்தச் சொல்லை எடுத்தாலும் அழுக்கு ஒன்று முன்னால் வந்து நிற்கிறது. வழக்கம் என்பதற்குப் பார்த்தால் 'ஹாபிட்', 'கஸ்டம்', 'பிராக்டிஸ்' என்று போகிறது. இது எங்கள் வழக்கம் என்று மட்டும் சொன்னால், எல்லார் வீட்டுக்குப் போய்வந்தாலும் குளிப்போம் என்றாகிவிடும். நான் சொல்ல நினைத்தது அதற்கு நேர் எதிரானது. எங்கள் ஊரில், தலைக்கு ஊற்றிக்கொண்டு வருகிறேன் என்று பஸ்ஸில் சொன்னால், பக்கத்தில் இருப்பவள் 'யாருக்கு?' என்றுதான் கேட்பாள். இங்கிலீஷில் சொன்னால் 'ஏன்?' என்று கேட்பார்கள். 'யாருக்கு?' என்று கேட்கவைக்கும் சொல் எனக்கு அகப்படவில்லை.

மகளின் பள்ளி டீச்சரிடம்கூடக் கேட்டேன். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "டுக் பாத் என்று சொல்லாதீர்கள், ஹேட் எ பாத் என்று சொல்லுங்கள்" என்றார். ஒரு சாவைப் பற்றிக் கேட்கப் போனேன். அவர் என் குளியலைத் திருத்தி அனுப்பினார். ஒருநாள் குடியிருப்பின் வாசல் கேட்டில் மாஸ்டரம்மாவை வழிமறித்துச் சொல்லியும் பார்த்தேன். "தட் டே, ஐ ஹேட் எ பாத்... ஃபார் யுவர் மதர்." டீச்சர் திருத்தியபடியே சொன்னேன். மாஸ்டரம்மா ஒரு கணம் என்னையே பார்த்தார். "இட்ஸ் ஆல் ரைட், மேன்" என்றார். எங்கள் ஊரில் யாராவது 'பரவாயில்லை' என்றால், அது மன்னிப்பா, கோபமா, போதும் விடு என்பதா என்று குரலைக் கேட்டே சொல்லிவிடுவேன். அந்த 'ஆல் ரைட்' என்னவென்று எனக்குத் தெரியவில்லை.

போன கோடையில் மாஸ்டருக்குப் பம்பாய்ப் பக்கம் வேறு மில்லில் வேலை கிடைத்துக் கிளம்பினார்கள். ரயிலடிக்குப் போக மில் ஜீப் வந்து நின்றது. அடுத்தவர் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக்கூடாதே என்று, அந்தத் தட்டு நிறையக் கடலை மிட்டாய் வைத்துக் கொண்டுபோனேன். மாஸ்டரம்மா மிட்டாய் முழுவதையும் தம் கைப்பைக்குள் கவிழ்த்துக்கொண்டார். தட்டைத் துடைத்து என்னிடமே நீட்டினார். "கீப் இட்" என்றார். "யுவர் பிளேட்" என்றேன். "கீப் இட், மேன்." பிள்ளைக்கு என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் எனக்குப் போதும். மகள் அன்று பள்ளிக்கூடம் போயிருந்தாள். ஜீப் உறுமியது. 'பை' என்றார். நானும் 'பை' என்றேன். 'போயிட்டு வாங்க' என்று சொல்லியிருக்கலாம் என்று, புழுதி அடங்கிய பிறகு தோன்றியது.

"பீங்கான் ரயில்ல உடையும்னு குடுத்திருப்பாவ" என்கிறார் என் கணவர். "நீ கழுவுன தட்டு அவளுக்கு எதுக்கு?" என்கிறார்கள் அத்தை. மகளோ, அது ஆன்ட்டி எனக்குக் கொடுத்தது, நீங்கள் ஏன் ஒளித்துவைக்கிறீர்கள் என்று இங்கிலீஷில் சண்டைக்கு வருகிறாள். அவளுக்குச் சொற்கள் தாமாக வருகின்றன. அவளிடமே கேட்டுப் பார்த்தேன். "ஜஸ்ட் டெல் ஹெர், அம்மா" என்கிறாள். எதைச் சொல்வது என்றுதானே கேட்கிறேன்?

மில் ஆபீசில் கேட்டு அவர்களுடைய பம்பாய் விலாசம் வாங்கிவிட்டேன். இன்று கடிதம் எழுத உட்கார்ந்தேன். எழுதுவதற்கு முன் தட்டை இறக்கி, முதல் தடவையாக நிமிர்த்தி எதிரே வைத்துக்கொண்டேன். சில்லு போன இடத்தைத் தடவிக்கொண்டே இருந்ததில் காகிதம் பாதிகூட நிறையவில்லை. அதனால்தான் இதைப் படிப்பவர்களிடம் கேட்கிறேன். இங்கிலீஷ் பேசும் வீடுகளில் பழகியவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். 'உங்கள் அம்மாவை என் சொந்தமாக நினைத்துத் தலைக்கு ஊற்றினேன்' என்பதை, அழுக்கு நினைவுக்கு வராமல், இயல்பாக எப்படிச் சொல்வது? கடிதத்தின் கடைசிச் சொல்லுக்கு மட்டும் யாரும் சிரமப்பட வேண்டாம். கையெழுத்துக்கு மேலே, இங்கிலீஷ் எழுத்தில், 'வாரேன்' என்று எழுதிவிட்டேன். அது அவருக்குப் புரியும். அதற்கு முந்திய வரி ஒன்றுதான் எனக்கு வேண்டும்.